வாங்காத சம்பளம் கணக்கில் ஏறினால்: எந்த அலுவலகம் முதலில்?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று குறுஞ்செய்தி வந்தால் காவேரிப்பட்டணம் பக்கத்துத் தெரு ஒன்றில் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டுக்காரர் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கச் சொல்வார். மகளிர் குழுத் தலைவி, இ-சேவை மையத்தில் மேல்முறையீடு போடச் சொல்வார். கம்ப்யூட்டர் சென்டர் தம்பி பான் அட்டையைக் கேட்பார். வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரியோ, "நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விடுவார். நால்வர் சொல்வதும் முழுப் பொய் இல்லை. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் வைப்பது என்ற வரிசை தவறுவதால்தான் நல்ல வழக்குகள்கூடத் தோற்றுப்போகின்றன.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரு வகைச் சிக்கலை மட்டும்: அரை நாள் வேலைக்கோ சீசன் வேலைக்கோ போகும் பெண் ஒருவர் வாங்காத சம்பளம், வாங்கியதாக எங்கோ ஒரு கணக்கில் ஏறியிருக்கிறது, அதனால் அவருக்கு வரவேண்டிய அரசு உதவி தடைபடுகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் இது அதிசயமான சம்பவம் இல்லை. மாம்பழ சீசனில் மாங்கூழ் ஆலை, மற்ற மாதங்களில் கிளினிக்கையோ பள்ளியையோ பெருக்கித் துடைக்கும் வேலை, இடையில் களையெடுப்பு என்று மூன்று இடத்தில் கூலி வாங்குகிறவருக்கு, மூன்று இடத்திலும் கணக்கு எழுதுகிறவர் வேறு வேறு ஆள்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம் 2023 ஜூலை 24 அன்று தொடங்கியதே தருமபுரி மாவட்டம் தொப்பூரில்தான். அப்போது வகுத்த விதிகளின்படி குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கருக்குள்ளும் புன்செய் 10 ஏக்கருக்குள்ளும், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டி வருமான வரியோ தொழில் வரியோ கட்டுகிற குடும்பத்துக்குத் தொகை இல்லை. கவனியுங்கள், 2.5 லட்சம் என்பது குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. பெண்ணின் தனிக் கூலி அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அவர் பெயரில் தவறாக ஏறும் தொகை, கணவரின் கூலியோடு சேர்ந்து எல்லையைத் தாண்டிவிடும்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். கிளினிக்கில் அரை நாள் வேலை, மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. மாங்கூழ் ஆலையில் 70 நாள், நாளுக்கு 400, மொத்தம் 28,000. கணவர் சுமை தூக்கிச் சம்பாதிப்பது ஆண்டுக்கு 1,20,000. கூட்டினால் 1,84,000. இப்போது ஆலைப் பக்கத்துக் கணக்கில் அந்த 28,000 என்பது 1,14,000 என்று ஏறியிருக்கிறது. ஒரேயடியாகக் குடும்ப வருமானம் 2,70,000. நின்றுபோகும் உதவி மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன்னால், தவறு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் மூன்று இடங்கள். வருமான வரித் துறையில் அவருடைய பான் எண்ணின் கீழ் ஒருவர் டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி, பிடித்ததாகக் காட்டியிருக்கலாம். வருங்கால வைப்பு நிதியில், அதாவது பி.எஃப். கணக்கில், இல்லாத மாதங்களுக்கோ கூடுதல் சம்பளத்துக்கோ பதிவு இருக்கலாம். உள்ளாட்சி அலுவலகத்தில், வேலை கொடுத்தவர் கட்டிய தொழில் வரிப் பட்டியலில் பெயர் இருக்கலாம். பி.எஃப். இருப்பது மட்டும் உரிமைத் தொகைக்குத் தடையில்லை. விதியில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனால் விசாரணைக்கு வருகிறவர் கையில் அது ஒரு துருப்புச் சீட்டாக மாறும்.

மூன்றையும் பார்க்கப் பெரிய செலவு இல்லை. வருமான வரி இணையதளத்தில் பான் எண்ணோடு நுழைந்தால், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவமும், ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையும் கிடைக்கும். பி.எஃப். பாஸ்புக்கை, தொழிலாளிக்கு பி.எஃப். தரும் யு.ஏ.என். எண் வைத்துக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். தொழில் வரிக்கு மட்டும் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகம் போய்க் கேட்க வேண்டும். அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை தொழில் வரியே கிடையாது. அதனால் அரை நாள் வேலைக்காரர் பெயரில் பெரிய தொகை கட்டியிருந்தால் அங்கேயே சந்தேகம் பிடிபட்டுவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு 'ஏன் நிராகரித்தீர்கள்' என்று கேட்பதைப் பலர் முதல் வேலையாகச் செய்கிறார்கள். 10 ரூபாய்தான் கட்டணம், நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள். நிராகரிப்பை எதிர்த்து வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மேல்முறையீடு செய்ய உங்களுக்கும் 30 நாள். பதில் கைக்கு வரும்போது கெடு முடிந்திருக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் போட்டால்தான் இந்த மனுவுக்கு அர்த்தம்.

இனி வழிகளுக்கு வருவோம். வேலை கொடுத்தவரிடமே போய்த் திருத்தச் சொல்வதுதான் முதல் வழி, கடினமான வழியும் அதுதான். அதையே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

இப்படித் தவறு ஏறுவதற்குக் காரணம் பல. சில இடத்தில் வெறும் விரல் பிழை: பான் எண்ணில் ஓர் எழுத்து மாறி, வேறொருவர் வாங்கிய பணம் இவர் தலையில் விழுந்திருக்கும். சில இடத்தில் வேலையை விட்டுப் போனவரைப் பட்டியலில் இருந்து எடுக்க மறந்திருப்பார்கள். சில இடத்தில், சொல்லவே கசப்பாக இருந்தாலும், மறதி ஒன்றும் இல்லை. பத்துப் பேருக்குப் போன ரொக்கக் கூலியை, அடையாள அட்டை கொடுத்த நாலு பேர் பெயரில் பிரித்து எழுதிவிடுவார்கள். சீசன் தொடக்கத்தில் "பி.எஃப்.புக்கு வேண்டும்" என்று வாங்கிய பான் நகலும் ஆதார் நகலும் அதற்குத்தான் பயன்படும். எந்த வகை என்பதைப் பொறுத்துப் பேச்சின் தொனி மாற வேண்டும். விரல் பிழையென்றால் கணக்கர் ஒருவரிடம் பணிவாகச் சொன்னாலே முடியும். கணக்கு சரிக்கட்டியதாக இருந்தால் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

யாரிடம் போவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மேஸ்திரிதான் கூலி கொடுத்தார் என்பதற்காக அவர்தான் திருத்த முடியும் என்று இல்லை. 26ஏ.எஸ். படிவத்தில் டி.டி.எஸ். பிடித்தவரின் பெயரும், வரி பிடிப்பவருக்கென்று உள்ள டான் எண்ணும் அச்சாகியிருக்கும். அது ஆலையாக இருந்தால் ஆலையின் கணக்குப் பிரிவுதான் திருத்த அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும்; மேஸ்திரியின் பின்னால் அலைவதில் பயன் இல்லை. டி.டி.எஸ். அறிக்கைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கணக்கு ஜூலைக் கடைசிக்குள் போக வேண்டும். மாங்கூழ் வேலையின் பெரும்பகுதி அந்தக் காலாண்டிலேயே வருவதால், ஜூலையில் போய்க் கேட்பவருக்கு வேலை சுலபம். கணக்கு இன்னும் போகாமல் இருக்கலாம். அடுத்த மார்ச்சில் போய்க் கேட்டால், அனுப்பிய கணக்கைத் திருத்தும்படி கேட்கிறோம். அது முடியாத காரியம் இல்லை, ஆனால் ஆடிட்டருக்குத் தனியாகக் கட்டணம் தர வேண்டியிருக்கும் என்று ஆலைக்காரர் முகம் சுளிப்பார்.

பி.எஃப். பதிவு வேறு மாதிரி. வேலை கொடுப்பவர் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கணக்கும் பணமும் செலுத்துகிறார். போன பணத்தைத் தாமாக அவர் அழித்துவிட முடியாது, பி.எஃப். அலுவலகத்துக்கு எழுதித்தான் சரிசெய்ய வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அந்தப் பணம் தொழிலாளியின் பணம். உண்மையாகவே வேலை செய்த மாதங்களுக்கான பதிவையும் சேர்த்து 'எனக்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். செய்யாத மாதங்களை மட்டும், அல்லது கூடுதலாகக் காட்டிய சம்பளத்தை மட்டும் குறிப்பிடுங்கள். வேலையே செய்யாத நிறுவனம் ஒன்று உங்கள் யு.ஏ.என். கீழ் சேர்ந்திருந்தால், அந்த உறுப்பினர் எண்ணைப் பிரித்துவிட பி.எஃப். இணையதளத்திலேயே வசதி இருக்கிறது.

இந்த வழியின் உண்மையான விலை பணம் இல்லை, அடுத்த சீசன். 'இவர் கணக்குக் கேட்கிறவர்' என்று பெயர் வந்தால் அடுத்த ஏப்ரலில் மேஸ்திரியின் வேன் அந்தத் தெருவில் நிற்காமல் போகலாம். நாலு பேர் சேர்ந்து போனால் அந்தப் பயம் குறையும். ஒரே ஆலையில் ஒரே சீசனில் நால்வருக்குத் தவறாக ஏறியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், ஆளைத் தேடுவதும் சிரமம் இல்லை. தனியாகத்தான் போக வேண்டும் என்றால், புகாராக எழுதாமல் விளக்கம் கேட்கும் கடிதமாக எழுதுங்கள்: 'இத்தனை நாள் வேலை செய்தேன், இவ்வளவு வாங்கினேன், படிவத்தில் இவ்வளவு இருக்கிறது, சரிபார்த்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்.' அவ்வளவு போதும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டாலும் அந்த ரசீது பின்னால் உதவும்.

இரண்டாவது வழி, யார் முகத்தையும் பார்க்காமல் இணையத்தில் மறுப்பது. ஏ.ஐ.எஸ். அறிக்கையில் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே கருத்துச் சொல்ல இடம் உண்டு: தகவல் முழுமையாகச் சரியில்லை, இது வேறு பான் எண்ணுக்கு உரியது, இதை மறுக்கிறேன் என்று தேர்ந்தெடுக்கலாம். அந்த மறுப்பு, தகவல் கொடுத்தவருக்கே உறுதிப்படுத்தும்படி போகிறது. 2024 மே மாதத்தில் இருந்து, அவர் ஏற்றாரா மறுத்தாரா என்பதையும் நாமே பார்க்க முடிகிறது. செலவில்லை, அரை மணி நேர வேலை. ஆனால் ஏ.ஐ.எஸ். மறுப்பால் 26ஏ.எஸ். படிவம் தானாக மாறாது. டி.டி.எஸ். பிடித்தவர் திருத்தினால்தான் அது மாறும். ஆகவே இதைத் தீர்வு என்று நினைக்கக் கூடாது. 'தெரிந்தவுடன் மறுத்தேன்' என்பதற்குத் தேதியோடு ஒரு சாட்சி, அவ்வளவுதான். பி.எஃப். விஷயத்தில் இதற்கு இணையானது அவர்களுடைய குறைதீர்ப்பு இணையதளம். மாவட்டந்தோறும் மாதம் ஒருமுறை நடக்கும் பி.எஃப். குறைதீர்ப்பு முகாமும் உண்டு. நேரில் பாஸ்புக்கைக் காட்டிப் பேசத் தெரிந்தவருக்கு முகாமே மேல்.

இந்த இரண்டாவது வழியின் ஓரத்தில் ஒரு பொறி இருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டர் தம்பி சொல்வார்: "அக்கா, உங்கள் பெயரில் டி.டி.எஸ். பிடித்திருக்கிறார்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் பணம் திரும்பி வரும்." வரும், பொய் இல்லை. மேலே சொன்ன கணக்கில், 1,14,000 ரூபாயை ஒப்பந்தப் பணமாகக் காட்டி 1 சதவீதம் பிடித்திருந்தால் 1,140 ரூபாய் திரும்ப வரும். ஆனால் அந்தத் தொகையைக் கேட்க வேண்டுமானால், 1,14,000 ரூபாயும் என் வருமானம்தான் என்று அதே படிவத்தில் காட்ட வேண்டும். அதன்பின் கோட்டாட்சியர் முன்னால் போய் 'எனக்கு அந்தப் பணம் வரவே இல்லை' என்று எப்படிச் சொல்வது? 1,140 ரூபாய்க்காக ஆண்டுக்கு 12,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிற வியாபாரம் இது. தம்பிக்குத் தாக்கல் கட்டணம் வேறு. தவறு திருத்தப்படும் வரை அந்த ரீஃபண்டைத் தொடாதீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது, வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. குறுஞ்செய்தி வந்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். கோட்டாட்சியர் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. தருமபுரி மாவட்டத்தில் தருமபுரி, அரூர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிருஷ்ணகிரி, ஓசூர் என நான்கு கோட்டங்கள். பதிவு செய்ய அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது அஞ்செட்டி, ஊத்தங்கரைக்காரர்களுக்கு ஆறுதல். விசாரணைக்குக் கூப்பிட்டால் மட்டும் ஒரு நாள் கூலி போகும்.

இதன் பலம், முடிவு எடுக்கும் அதிகாரம் உள்ளவரிடமே நேராகப் போகிறோம் என்பது. ஆலைக்காரர் திருத்தியிருக்கத் தேவையில்லை, வரித் துறை பதில் சொல்லியிருக்கத் தேவையில்லை. பலவீனமும் இங்கேதான். கணினியில் ஒரு தொகை, மனுவில் ஒரு தொகை என்று இரண்டு இருக்கும்போது, அதிகாரி எதை நம்புவார்? வெறும் மனுவென்றால் கணினியைத்தான். அதனால் கையில் மூன்று தாள்களாவது வேண்டும்: வங்கிப் பாஸ்புக்கின் ஓராண்டுப் பக்கங்கள், வேலை கொடுத்தவருக்கு அனுப்பிய கடிதத்தின் நகலும் தபால் ரசீதும், தாசில்தார் அலுவலக வருமானச் சான்று. கூலி ரொக்கமாக வந்தது என்றால் பாஸ்புக் பேசாது. வருகை அட்டை, கூலிச் சீட்டு, உடன் வேலை செய்தவர்களின் எழுத்து வாக்குமூலம் எதுவானாலும் சேருங்கள்.

வருமானச் சான்றைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கும்போது அதைக் கேட்கவில்லை. மேல்முறையீட்டில் அது கைகொடுக்கும். இ-சேவையில் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக மேலே போய்ச் சான்று வரும். நம் ஊர்களில் ஒரு பழக்கம் இருக்கிறது: பிள்ளையின் உதவித்தொகைக்கு ஒரு வருமானம், காப்பீட்டு அட்டைக்கு இன்னொரு வருமானம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு எல்லை 1,20,000 என்பதால், அதற்கென்று எழுதி வாங்கிய சான்றில் வருமானம் அதற்குள்தான் இருக்கும். மேல்முறையீட்டில் 1,84,000 என்று உண்மையைச் சொல்லும் பெண்ணிடம், அதே கிராம நிர்வாக அலுவலர் போன ஆண்டு 96,000 என்று எழுதிக் கொடுத்த சான்று இருந்தால், கோட்டாட்சியர் எந்தக் கண்ணால் பார்ப்பார்? குறைத்து எழுதினால் நல்லது என்று நினைக்காதீர்கள். 2.5 லட்சத்துக்குள் எதுவாக இருந்தாலும் தகுதி ஒன்றுதான். ஆகவே மெய்யான தொகையையே எழுதச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை மனுவையும், முதல்வரின் உதவி மையமான 1100 எண்ணையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனு, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கே அனுப்பப்படும். அங்கே மேல்முறையீடு பதிவாகவில்லை என்றால் 'மேல்முறையீடு செய்யலாம்' என்று பதில் வரும், 30 நாளும் போயிருக்கும். மேல்முறையீடு போட்டு, கெடு கடந்தும் முடிவு வராதவருக்குத்தான் இந்த வழி பொருந்தும். அப்போது மனுவில் மேல்முறையீட்டு எண்ணை எழுதினால் மனுவுக்குக் கனம் வரும்.

ஆகவே என் வரிசை இது. முதல் வாரத்தில் படிவங்களைப் பார்த்து, ஏ.ஐ.எஸ். மறுப்பைப் பதிந்து, ஆலைக்கோ ஒப்பந்ததாரருக்கோ பதிவுத் தபால் அனுப்புங்கள். அதே வாரம் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் மூன்றாவது வாரத்தில் மேல்முறையீடு போய்விட வேண்டும். திருத்தம் கிடைக்கட்டும் என்று காத்திருந்து கெடுவை விடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மாறாக, மேல்முறையீட்டில் வென்றதும் ஆலையை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. தவறான பதிவு அப்படியே கிடந்தால், அடுத்த சரிபார்ப்பில் அதே கணினி அதே தொகையை மறுபடி எடுத்துக் கொடுக்கும். வென்ற பிறகும் திருத்த அறிக்கையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்தில் கேட்டும் அசையாத ஆலை என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கூலிச் சீட்டுக் கேட்டு மனுக் கொடுக்கலாம்; கூலிச் சீட்டுத் தருவது வேலை கொடுப்பவரின் சட்டக் கடமை. உண்மைக் கூலி எழுத்தில் வந்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது.

இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. ஓசூர் சிப்காட் பக்கம் வேலை பார்க்கும் கணவருக்குச் சம்பளம் ஏறி, குடும்ப வருமானம் மெய்யாகவே 2.5 லட்சத்தைத் தாண்டியிருந்தால், மனைவியின் பெயரில் ஏறிய தவறு திருந்தினாலும் உரிமைத் தொகை வராது. அவர்கள் மேல்முறையீட்டை விட்டுவிட்டு, பான் எண்ணைச் சுத்தப்படுத்துவதோடு நிறுத்தலாம். கேள்விப்படாத ஊரில், கேள்விப்படாத நிறுவனம் பெயரில் சம்பளம் ஏறியிருந்தால் அது கணக்குப் பிழை இல்லை, அடையாளத் திருட்டு. அதற்கு ஆலைக் கடிதம் உதவாது; காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கி, அதன் நகலை மேல்முறையீட்டோடு வைக்க வேண்டும்.

அடுத்த சீசனுக்கு வேன் வந்து நிற்கும்போது பான், ஆதார் நகல்கள் கேட்பார்கள். கொடுங்கள். ஆனால் நகலின் குறுக்கே பேனாவால் தேதியையும், எந்த ஆலைக்கு, எதற்காக என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்த நாட்களைக் காலண்டர் தாளில் குறித்து, வாரக் கூலி வாங்கும்போது மேஸ்திரியின் கையெழுத்தையும் அதிலேயே வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. இப்படி எழுதிய நகலை வாங்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று அங்கேயே நின்று கேளுங்கள்.